கரையில் கொடுத்த சொல்

மனிதனின் ஒழுக்கத்தை அளந்து பார்க்கும் இடங்கள் உலகில் பல. சந்தை ஓர் இடம். நீதிமன்றம் ஓர் இடம். பதவி மற்றோர் இடம். இவ்விடங்களில் எல்லாம் அவனைக் காணும் கண்கள் உண்டு. தவறினால் தடுக்கும் கைகளும் உண்டு. காண்பாரும் தடுப்பாரும் இல்லாத ஓரிடத்தில், தனக்குத் தானே வகுத்துக்கொண்ட எல்லையை அவன் காக்கிறானா? அதை மீறினால் உடனே கேடொன்றும் வந்துவிடாது என்று தோன்றும்போதும் காக்கிறானா? அவ்வாறு காப்பது அச்சத்தின் விளைவா, அறத்தின் விளைவா? இந்த வினாக்களுக்கு விடை காண விரும்புவோர் கடலுக்கு அடியில் உள்ள ஒரு பாறைச் சுவரை எண்ணிப் பார்க்கலாம்.

கனடா நாட்டின் மேற்குக் கரையில், வான்கூவர் மாநகரை அடுத்த வெஸ்ட் வான்கூவரில், ஒயிட்கிளிஃப் என்னும் கடலோரப் பூங்கா இருக்கிறது. மலைகளுக்கிடையே பனியாறுகள் குடைந்தெடுத்த ஹவ் சவுண்ட் என்ற கடற்கழியின் வாயிலில் அது அமைந்துள்ளது. பூங்காவுக்கு வருவோர் மரநிழலில் அமர்ந்து, தொலைவில் செல்லும் கப்பல்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகின்றனர். ஆனால், கூழாங்கற்கள் நிறைந்த கரையிலிருந்து சிறிது தூரம் நீந்திச் சென்றால், நீருக்கடியில் பாறை ஒரு கோட்டை மதிலைப் போலச் செங்குத்தாக இறங்குகிறது. பொழுதுபோக்காக முக்குளிப்போர் எட்டக்கூடிய ஆழத்துக்கு அப்பாலும் அது இறங்கிக்கொண்டே போகிறது. அதைக் காணப் படகு தேவையில்லை. கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கலாம்.

மலேசியாவில் சிப்பாடான் தீவின் பாறைச் சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டோர் பலர். அங்கும் கரையை அடுத்தே கடல் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு வீழ்கிறது. எனினும் அது வெதுவெதுப்பான, ஒளி நிறைந்த கடல். ஒயிட்கிளிஃப் கடல் அத்தகையதன்று. அதன் ஆழத்தில் நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 8 முதல் 10 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் தன்மை நீருக்கு உண்டு. ஆகவே, அங்கே இறங்குவோர் நீர் புகாத தடித்த உடையும், முகத்தை ஒட்டிய தலையுறையும், கையுறையும் அணிகின்றனர். அவ்வுடை மிதக்கச் செய்வதால், அதை வெல்ல ஈயக்கட்டிகளைச் சுமக்கின்றனர். முதுகில் காற்றுச் சிலிண்டர். இத்தனை பாரத்தோடும் வழுக்கும் கற்களின்மேல் அடிமேல் அடிவைத்து நடக்கின்றனர். இன்பத்துக்காக மனிதன் ஏற்கும் துன்பங்களுள் இதுவும் ஒன்று.

நீரில் இறங்குமுன் அவர்கள் செய்யும் ஒரு செயல் கருதத்தக்கது. இருவர் இருவராக நின்று, அவர்கள் ஓர் உடன்பாடு செய்துகொள்கின்றனர். எத்தனை மீட்டர் ஆழம் வரை செல்வது, சிலிண்டரில் எவ்வளவு காற்று எஞ்சியிருக்கும்போது திரும்புவது, ஒருவரை ஒருவர் காணாமற்போனால் எத்தனை நிமிடம் தேடிவிட்டு மேலே வருவது என்பனவற்றை வாய்விட்டுச் சொல்லி முடிவு செய்கின்றனர். அதற்கு முத்திரைத் தாளில்லை; சாட்சியில்லை; மீறினால் தண்டிக்கும் அதிகாரியும் இல்லை. கரையில் நின்று ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் சொல், அவ்வளவே.

பிறகு கடலுக்குள் இறங்குகின்றனர். கோடைக்காலமாயின் மேல்மட்ட நீர் நுண்ணுயிர்கள் பெருகிக் கலங்கியிருக்கும். அக்கலங்கலைக் கடந்து கீழே சென்றால் நீர் தெளிகிறது, ஆனால் இருள்கிறது. கைவிளக்கின் ஒளி படும் இடமெல்லாம் பாறை உயிர் பெற்று விளங்குகிறது. வெண்ணிறக் கடற்சாமந்திகள் கொத்துக் கொத்தாக விரிந்திருக்கின்றன. ஆழம் மிகுந்த இடங்களில் மேகத்தைப் போன்ற கடற்பஞ்சுகள் சுவரைப் பற்றி வளர்ந்துள்ளன. பாறைப் பிளவுகளில் அசையாமல் நிற்கும் பாறைமீன்களுள் சில இனங்கள் நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடியவை. இவ்வளவு அழகையும் கண்ட மனம், இன்னும் கீழே என்ன இருக்கிறதோ என்று ஏங்குகிறது. தரையில் நடப்பவனைத் தடுக்க வேலி இருக்கிறது. மலையேறுபவனைத் தடுக்க அவனது களைப்பே இருக்கிறது. கடற்சுவரில் இறங்குவதற்குக் களைப்பு இல்லை. உடலைச் சற்றே தளர்த்திவிட்டால் போதும், கடல் அவனைக் கீழே கொண்டு சென்றுவிடும். காலுக்கடியில் தரை தென்படாததால், இதற்குமேல் போகாதே என்று இயற்கையும் சொல்வதில்லை.

இயற்கை சொல்லாமல் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 30 மீட்டரில் அது மேற்பரப்பில் உள்ளதைப் போல 4 மடங்கு ஆகிறது. மேற்பரப்பில் ஒரு மணி நேரத்துக்குப் போதுமான காற்று அங்கே 15 நிமிடங்களில் தீர்ந்துவிடும். அச்சமோ குளிரோ மிகுந்து மூச்சு வேகமாயின் அதனினும் விரைவில் தீரும். இவையேனும் மானியில் தெரியும் ஆபத்துகள். மானியில் தெரியாத ஆபத்து இன்னொன்று. ஏறத்தாழ அந்த 30 மீட்டரை ஒட்டியே பலருக்கும் அது தலைகாட்டத் தொடங்குகிறது. மிகுந்த அழுத்தத்தில் சுவாசிக்கப்படும் நைட்ரஜன், மதுவைப் போல அறிவை மயக்குகிறது. இம்மயக்கத்துக்குக் காரணம் நைட்ரஜனே என்று அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் அவரைச் சார்ந்தோரும் 1935-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். சிலருக்கு அது காரணமற்ற மகிழ்ச்சியாக வருகிறது; சிலருக்குக் காரணமற்ற அச்சமாக வருகிறது. எவ்வாறு வரினும், தான் மயங்கியிருப்பதை மயங்கியவன் எளிதில் உணர்வதில்லை.

1943-ஆம் ஆண்டில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் தன்னிச்சையாக மூச்சுவிட உதவும் கருவியைப் பிரான்சில் உருவாக்கினர். அக்கருவியோடு மனிதன் எவ்வளவு ஆழம் செல்ல முடியும் என்பதை ஆராய்ந்த குழுவில் மோரிஸ் ஃபார்க் என்ற கடற்படை வீரர் இருந்தார். தேர்ந்த முக்குளிப்பாளர், தோழர்களின் நம்பிக்கைக்குரியவர். 1947-இல் தூலோன் நகரை அடுத்த கடலில், கயிற்றில் கட்டியிருந்த பலகைகளில் கையெழுத்திட்டுத் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாட்டோடு அவர் இறங்கினார். கயிற்றை அசைத்து அவர் அனுப்பிய குறிப்புகள் திடீரென நின்றன. மேலே இழுத்தபோது மூச்சுக்குழல் அவரது வாயிலிருந்து விலகியிருந்தது, உயிரும் பிரிந்திருந்தது. 120 மீட்டர் ஆழத்தில் இருந்த பலகையில் அவருடைய பெயரின் எழுத்துகள் காணப்பட்டன. அவரிடம் துணிவு இருந்தது, பயிற்சி இருந்தது. அந்த ஆழத்தில் அவரைக் காக்க வேண்டிய அறிவோ அவருக்கு முன்பே மயங்கிவிட்டது.

இங்கேதான் அறவினா தன் முழு உருவில் எழுகிறது. வழக்கை விசாரிக்க வேண்டிய நீதிபதியே மது அருந்திவிட்டால் தீர்ப்பு என்னாகும்? ஆழத்தில் நிற்கும் மனிதனிடம், இன்னும் 10 மீட்டர் போகலாமா என்று அவனுடைய மனம் கேட்கிறது. விடை சொல்ல வேண்டிய அறிவு தெளிவாக இல்லை. ஆனால், தெளிவாக இருப்பதாக அது உறுதி கூறுகிறது. ஆகவே அந்த வினாவுக்கு அங்கே விடை தேடுவதே பிழை. விடை கரையிலேயே, பகல் வெளிச்சத்தில், தெளிந்த மனத்தோடு சொல்லப்பட்டிருக்க வேண்டும். கீழே உள்ளவனின் கடமை தீர்ப்பு எழுதுவதன்று. எழுதிய தீர்ப்புக்குப் பணிவது. முன்னர்க் கொடுத்த சொல்லுக்குப் பின்னர் அடங்கி நடப்பது அடிமைத்தனம் போலத் தோன்றலாம். உண்மையில், தெளிந்த மனிதன் மயங்கிய மனிதனை ஆள்வதே அதன் பொருள். தன்னைத் தான் ஆளுதல் என்று சான்றோர் கூறுவது இதனையே அன்றோ?

திருவள்ளுவர் அடக்கத்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார்; தன் வலிமையின் அளவை அறிவதற்கென வேறோர் அதிகாரமும் வகுத்தார். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. அளவை அறிவது அறிவின் வேலை; அறிந்த அளவில் நிற்பது அடக்கத்தின் வேலை. முன்னது கரையில் நிகழ்கிறது. பின்னது ஆழத்தில் நிகழ்கிறது. கரையில் அறிவாளியாக இருப்போர் பலர். ஆழத்திலும் அவ்வாறு இருப்போர் சிலர்.

இவ்வுண்மை கடலுக்கு மட்டும் உரியதன்று. ஒரு கிண்ணத்தோடு நிறுத்துவேன் என்று மாலையில் உறுதி கூறுபவன், முதற்கிண்ணம் முடிந்தபின் வேறொரு மனிதனாகிறான். இவ்வளவு பணம் தோற்றால் எழுந்துவிடுவேன் என்று சூதாடச் செல்பவன், தோற்றபின் வேறொரு கணக்குப் போடுகிறான். பிள்ளையை அடிப்பதில்லை என்று அமைதியாக இருக்கையில் முடிவு செய்த தந்தை, சினம் தலைக்கேறியபோது இந்த ஒருமுறை மட்டும் என்கிறான். இந்த ஒருமுறை மட்டும் என்னும் சொற்களை ஆழத்தின் மயக்கம் எல்லா மொழிகளிலும் அறிந்து வைத்திருக்கிறது.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உண்டு. எல்லோரும் எல்லைக்குள் நின்றிருந்தால் கடல்கள் கடக்கப்பட்டிருக்குமா, மலைகள் ஏறப்பட்டிருக்குமா என்று அவர்கள் கேட்பர். எல்லை காப்பது கோழைகளின் அறம் என்றும் கூறுவர். இம்மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. மோரிஸ் ஃபார்க்கும் அவருடைய தோழர்களும் அறியாததை அறிய முயன்றவர்கள். அவருடைய இழப்பால் பின்வந்தோர் கற்றுக்கொண்டனர். ஆனால், அறிவை நாடி எல்லையை நகர்த்துவது வேறு. வகுத்த எல்லையை ஆசையால் மீறுவது வேறு. முன்னதற்கு முயல்பவன் கரையிலேயே அதைச் சொல்லிவிட்டு, அதற்கேற்ற பயிற்சியும் கருவியும் துணையும் தேடிக்கொண்டு இறங்குகிறான். பின்னவன் 25 மீட்டர் என்று சொல்லிவிட்டு 45 மீட்டருக்குப் போகிறான். இருவரும் ஒரே ஆழத்தை எட்டினாலும், ஒருவன் தன் சொல்லோடு சென்றவன். மற்றவன் தன் சொல்லைக் கைவிட்டுச் சென்றவன். கோழையோ எல்லை வரையும் போகமாட்டான். எல்லை வரை சென்று, அதற்கு அப்பால் உள்ள அழகையும் கண்டு, திரும்பி வருவதற்குத் துணிவு வேண்டும்.

இந்த எல்லை ஒருவனுக்கு மட்டும் சொந்தமானதும் அன்று. குகைகளுக்குள் முக்குளிப்போரிடையே நிலைபெற்ற ஒரு விதி உண்டு. காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு; ஒரு பங்கு திரும்புவதற்கு; எஞ்சிய பங்கு இடர் நேரும்போது பயன்படுவதற்கு. அவ்விடர் தோழனுக்கு நேரலாம். அவனது காற்று அற்றுப்போனால், இருவரும் ஒரே சிலிண்டரிலிருந்து மூச்சுவிட்டு வெளியே வருவதற்கு அந்தப் பங்கே கைகொடுக்கும். ஆகவே, தன் முதுகில் சுமக்கும் காற்று முழுவதும் தன்னுடையது என்று கருதுபவன் பிறன் பொருளைச் செலவழிக்கிறான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர், மேலே கயிற்றைப் பிடித்து நிற்க மைத்துனனையே அமர்த்துவர் என்று சொல்வதுண்டு. தன் தங்கையின் தாலி அக்கயிற்றில் தொங்குகிறது என்பதை அவன் மறக்கமாட்டான் என்பதே காரணம். கடலுக்குள் இறங்குபவனின் உயிர் எப்போதும் மற்றொருவன் கையில் இருக்கிறது.

இருவர் இறங்கியபின், ஒருவன் மயக்கத்தாலோ ஆசையாலோ உடன்பட்ட ஆழத்தைக் கடந்து கீழே போகிறான் என்று கொள்க. விளக்கொளி சிறுத்துக்கொண்டே செல்கிறது. மேலே நிற்பவன் என்ன செய்ய வேண்டும்? பின்தொடர்ந்தால் இருவரும் மாளக்கூடும். தொடராவிட்டால், கண்முன்னே நண்பனைக் கைவிட்ட எண்ணம் வாழ்நாள் முழுவதும் வருத்தும். மீட்கச் செல்பவன் இரண்டாவது பிணமாகிவிடக் கூடாது என்று மீட்புப் பயிற்சி போதிக்கிறது. அது அறிவுடைய போதனை. பல உயிர்களைக் காத்த போதனை. எனினும், அந்நேரத்தில் அசையாமல் நிற்பவனின் நெஞ்சு படும் பாட்டை எந்தப் போதனையும் குறைப்பதில்லை. சிறிது ஆழம் தொடர்ந்து சென்று விளக்கை அசைத்து அழைக்கலாம். அதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவில் நிற்பவனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆனால், அவனை அந்நிலையில் நிறுத்தியவன் யார்? எல்லையை மீறியவனே. என் உயிர், என் விருப்பம் என்று கூறி இறங்கியவன், தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. தோழனின் உயிரையும், அது பிழைத்தால் அவனுடைய மன அமைதியையும் கேளாமலே எடுத்துப் பணயம் வைத்துவிட்டான். கரையில் கொடுத்த சொல்லின் மதிப்பு இங்கே விளங்குகிறது. தனக்குத் தானே இட்ட கட்டளையை ஒருவன் தளர்த்திக்கொள்ளலாம் என்று வாதாடுவோரும், பிறனுக்குக் கொடுத்த சொல்லை அவ்வாறு தளர்த்த முடியாது என்பதை ஒப்புவர். தீங்கு நேராமல் திரும்பி வந்துவிட்டாலும் சொல் தவறியது தவறியதே. நல்வாய்ப்பு ஒருவனைக் காப்பாற்றலாம்; நல்லவனாக்காது.

தோழனுக்கு உள்ள உரிமை போலவே, அந்தப் பாறைச் சுவரில் வாழும் உயிர்களுக்கும் ஓர் உரிமை உண்டா? ஒயிட்கிளிஃபுக்குத் தெற்கே, அதே சாலிஷ் கடலின் மற்றொரு கரையில், அமெரிக்காவின் சியாட்டல் நகரம் இருக்கிறது. அங்கே சீக்ரெஸ்ட் பூங்காவின் கரையிலிருந்து முக்குளிப்போர் நாள்தோறும் இறங்குவர். அவர்கள் காண விரும்புவது பேய்க்கணவாய் இனத்தில் மிகப் பெரியதான பசிபிக் ஆக்டோபஸ். இதன் பெண், பாறைக்குகையில் பல்லாயிரம் முட்டைகளை இட்டு, மாதக்கணக்கில் இரை தேடாமல் அவற்றைக் காத்து, குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் மாண்டுபோகும் இயல்புடையது. 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் இளைஞர் அங்கே இறங்கி, ஓர் ஆக்டோபஸைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார். உணவுக்காகப் பிடித்ததாகக் கூறினார். அவரிடம் உரிமம் இருந்தது. நாளொன்றுக்கு ஒன்று பிடிக்கலாம் என்று சட்டமும் இடம் கொடுத்தது. அந்த இனம் அழியும் நிலையிலும் இல்லை.

எனினும், கரையில் இருந்தோர் கொதித்தெழுந்தனர். செய்தி பரவி, நாடெங்கும் சினம் மூண்டது. சட்டம் அனுமதித்ததைச் செய்தவர் மீது குற்றம் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்டனர். பலர் வந்து பார்த்து மகிழ்ந்த ஓர் உயிரைத் தம் ஒருவர் உணவுக்காக எடுக்கலாமா என்று பலர் கேட்டனர். இவ்விரு கேள்விகளும் நேர்மையானவையே. சட்டம் மனிதன் நிற்க வேண்டிய கடைசி இடத்தைக் காட்டுகிறது. அதற்கு முன்பே நிற்கத்தக்க இடம் உண்டா என்பதை அவனவன் மனமே காட்ட வேண்டும். பொதுவான இன்பம் ஒன்றிலிருந்து தன் பங்கை மட்டும் துய்ப்பதோடு நிற்பது அவ்விடங்களுள் ஒன்று. தோழனுக்குரிய காற்றைச் செலவிடாமையும் அடுத்து வருவோர் காண்பதற்குரியதைக் கவராமையும் ஒரே அடக்கத்தின் இரு முகங்கள்.

அந்நிகழ்ச்சி கற்பித்த மற்றொரு பாடமும் உண்டு. சினமுற்றோருள் சிலர் அவ்விளைஞரை அச்சுறுத்தவும் தலைப்பட்டனர். எல்லை கடந்தார் என்று ஒருவரைப் பழித்தவர்கள் தாமும் எல்லை கடந்தனர். ஆழத்தில் மட்டுமன்று, அறச்சினத்திலும் ஒரு மயக்கம் இருக்கிறது. நியாயம் தன் பக்கம் இருப்பதாக எண்ணும் மனிதன் எவ்வளவு தூரம் இறங்குவான் என்பதை அவனே அறியான். மாறாக, நிதானம் இழவாதோர் அதிகாரிகளிடம் முறையிட்டனர், பொதுக்கூட்டங்களில் கருத்துரைத்தனர். 2013-ஆம் ஆண்டில், சீக்ரெஸ்ட் உட்பட முக்குளிப்போர் மிகுதியாகச் செல்லும் ஏழு இடங்களில் ஆக்டோபஸ் பிடிப்பதை வாஷிங்டன் மாநிலம் தடை செய்தது. டிசெப்ஷன் பாஸ் என்னும் நீரிணையும், டேஸ் தீவின் கடற்சுவரும் அவற்றுள் அடங்கும்.

ஒயிட்கிளிஃபில் இத்தகைய பாதுகாப்பு அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1993-இல் வந்துவிட்டது. அதன் கடற்பகுதியில் உயிர்களைப் பிடிக்கலாகாது என்பது சட்டம். ஆயினும், 20 மீட்டர் ஆழத்தில் காவலர் எவரும் நிற்பதில்லை. கையுறை அணிந்த கை, எவரும் அறியாமல் ஒரு கடற்பஞ்சை ஒடித்துவிட முடியும். சட்டம் கரையோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே மனிதனுடன் துணை வருவது அவன் சொல் ஒன்றே. சட்டம் தேவையற்றது என்பது இதன் கருத்தன்று. சட்டத்தை உள்ளே சுமந்து செல்லும் மனிதர்கள் இல்லாதபோது, சட்டம் பலகையில் எழுதிய எழுத்தாகவே இருந்துவிடும்.

முக்குளிப்பின் பெருமையைப் பெரும்பாலோர் எட்டிய ஆழத்தைக் கொண்டு அளக்கின்றனர். அதனினும் பொருத்தமான அளவு ஒன்று உண்டு. மானியின் முள் குறித்த இடத்தைத் தொடுகிறது. கீழே, விளக்கின் ஒளி எட்டாத இடத்தில், ஏதோ ஒன்று அசைவது போல இருக்கிறது. உடலில் வலுவும் மனத்தில் ஆசையும் இன்னும் இருக்கின்றன. அந்த வேளையில் ஒருவன் தோழனை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். மேலே செல்வோம் என்பது அச்சைகையின் பொருள். மற்றவனும் விரலை உயர்த்துகிறான். ஏன் என்று கேட்பதில்லை. கேட்கலாகாது என்பதும் கரையில் ஒப்பிய விதியே.

இருவரும் மெல்ல மேலேறி, குளிரில் விறைத்த விரல்களோடு கற்களின்மேல் தள்ளாடி நடந்து கரை சேர்கின்றனர். அவர்கள் காணாத அதிசயங்கள் சுவரின் அடியில் பல இருக்கலாம். அவற்றை இழந்ததற்காக அவர்கள் வருந்தவும் கூடும். ஆனால், காலையில் கரையில் நின்று சொல் கொடுத்தவனும் மாலையில் கரையேறியவனும் ஒரே மனிதனாக இருக்கிறான். அவ்வாறு ஒரே மனிதனாக இருத்தலைக் காட்டிலும் ஆழமான இடம் ஒன்றை எந்தக் கடலும் மனிதனுக்குக் காட்டப்போவதில்லை.